நாலாக மடித்த ரெக்ஸின்

அடுத்தவர் அழுக்கைப் பற்றிப் பேசுவதற்குச் சீட்டக்காவை விட்டால் ஆள் கிடையாது. பதினெட்டு வருடமாகக் கார் சீட்டைக் கழற்றித் தைத்து மாட்டுகிறவள். மேலே பார்த்தால் முகம் பார்க்கிற மாதிரி துடைத்த வண்டியாக இருக்கும், உள்ளே வாசனைப் புட்டி தொங்கும். சீட்டைத் தூக்கினால் எலிப்புழுக்கை, சப்பித் துப்பிய மிட்டாய், கடித்துப் போட்ட நகம், மூக்கைச் சிந்தி ஒளித்து வைத்த கைக்குட்டை. ஒரு தடவை ஒரு வக்கீல் வண்டியில் பல்செட்டே கிடந்தது. கேட்டதற்கு, தன்னுடையது இல்லவே இல்லை என்று சாதித்துவிட்டு, மறுநாள் ஆள் விட்டு வாங்கிக்கொண்டு போனார்.

தெருவில் எல்லோருக்கும் அவள் சீட்டக்காதான். புதிதாகக் குடிவந்தவர்கள் சீட்டாடுகிற பொம்பளை போலிருக்கிறது என்று ஒரு மாதம் எட்டியே நிற்பார்கள். அப்புறம் கிழிந்த சோபாவைத் தூக்கிக்கொண்டு வருவார்கள்.

வீடும் பட்டறையும் ஒன்றுதான். தகரக் கூரைக்குக் கீழே முன்பாதி பட்டறை, பின்பாதி வீடு, நடுவில் ஒரு துணித் திரை. கிரைண்டர் ஓடினால் இரும்புத் தூள் திரையைத் தாண்டி வந்து உப்பு ஜாடியில் உட்கார்ந்துகொள்ளும். அவள் புருஷனுக்கு ஊரில் கைராசி என்று பெயர். மற்ற மெக்கானிக்குகள் நாலு நாள் உருட்டிவிட்டு உதட்டைப் பிதுக்கின வண்டியெல்லாம் அவர் கையை வைத்ததும் கிளம்பியிருக்கிறது, பொய் சொல்லக்கூடாது. ஆனால் பெயர் ஒன்று வந்துவிட்டால், அப்புறம் பெயரே வேலையைச் செய்துகொள்ளும் என்று சில பேருக்கு ஆகிவிடுகிறது. அவருக்கும் ஆகிவிட்டிருந்தது. வாயைத் திறந்தால் ஒரே வார்த்தைதான்: "பாத்துக்கலாம்."

அந்த வீட்டில் மூன்றாவதாக ஒருத்தன் இருந்தான், அவளுடைய தம்பி. எட்டு மாதத்துக்கு முன்புவரை கண் டாக்டரிடம் டிரைவர். டாக்டருடைய பழைய கறுப்பு வண்டியை, அவர் அப்பா காலத்து வண்டி, குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி குளிப்பாட்டுவான். ஒரு நாள் காலையில் டாக்டரின் மனைவியை ஏற்றிக்கொண்டு சரிவு ரோட்டில் இறங்கும்போது வண்டி வளைவில் திரும்பாமல் நேராகப் போய் நீச்சல்குளத்துக் காம்பவுண்டுச் சுவரில் முட்டியது. அந்தம்மாவுக்குத் தோள் எலும்பு போயிற்று. இவனுக்கு இடது முழங்கால் போயிற்று, மண்டையிலும் அடி. சரிவில் இறங்கினது வரைக்கும்தான் அவனுக்கு ஞாபகம் இருக்கிறது. அதற்கப்புறம் ஆஸ்பத்திரிக் கூரைதான்.

முதல் நாள் சாயங்காலம் ஒரு சிநேகிதன் வீட்டில் இரண்டு டம்ளர் குடித்திருந்தான். ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி லேசா வாடை வருகிறதே என்றாள். அவ்வளவு போதாதா? கைராசிதான் முதலில் ஆரம்பித்தார். "நான் எத்தனை தடவை சொன்னேன், கேட்டானா? ராத்திரி அடிச்சது காலைல இறங்குமா?" என்று டாக்டரிடம் சொன்னார், போலீஸிடம் சொன்னார், பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். சீட்டக்காவும் சொன்னாள். அழுதுகொண்டே சொன்னாள், ஆனால் சொன்னாள். எல்லோரும் சொல்லச் சொல்ல, ஞாபகம் இல்லாதவன் என்ன செய்வான்? சரி, குடித்துவிட்டுத்தான் மோதியிருக்கிறோம் என்று அவனும் ஒப்புக்கொண்டான். கட்டுப் போட்ட காலோடு போய் டாக்டர் வீட்டு வாசலில் நின்று அந்தம்மாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தான். அன்றிலிருந்து ஒருத்தரும் அவனுக்குச் சாவி கொடுக்கவில்லை. பட்டறை வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து, அக்கா கழற்றிப் போடும் சீட்டு ஸ்பிரிங்குகளில் துருவைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

மோதின வண்டியை டாக்டர் தன் ஷெட்டில் போட்டுப் பூட்டிவிட்டார். கைராசி நாலைந்து தரம் போய், "சும்மா கிடந்தா துரு தின்னுடும் சார், நான் எடுத்துட்டுப் போய்ப் பார்க்கறேன்" என்று கேட்டுப் பார்த்தார். டாக்டர் அசையவில்லை. இப்போது பழைய வண்டிகள் கண்காட்சி ஒன்று வருகிறது. மோதின வண்டியை அதில் நிறுத்த வேண்டுமென்றால் ஸ்டியரிங் தண்டைத் தாங்குகிற பிராக்கெட்டைப் பலப்படுத்தியிருக்க வேண்டும் என்று நடத்துகிறவர்கள் கறாராகச் சொல்லிவிட்டார்களாம். அதனால் ஒரு வழியாக வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்து பட்டறையில் விட்டார்கள்.

மறுநாள் காலை தகடு வாங்கக் கிளம்பின கைராசி வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்தார்.

"பின் சீட்டை மட்டும் பாரு. முன் சீட்டுல கை வைக்காதே. போல்ட்டெல்லாம் துருப்பிடிச்சுக் கிடக்கும். நான் வந்து கழட்டித் தர்றேன்."

சீட்டக்காவுக்கு ஆச்சரியமாகப் போயிற்று. பதினெட்டு வருடத்தில் இந்த மனுஷன் ஒரு போல்ட்டைக் கழற்றிக் கொடுத்ததில்லை. வயசாக ஆகக் கரிசனம் வருகிறது போலிருக்கிறது என்று மனசுக்குள் கொஞ்சம் குளிர்ந்துகூடப் போனாள். இப்போது நினைத்தால் அதற்கும் சேர்த்து அவளுக்குக் குமட்டும்.

மழை வருகிறேன் வருகிறேன் என்று ஏமாற்றிக்கொண்டிருந்த நாள். காற்றே இல்லை. தகரம் கொதித்தது. பத்து மணிக்கெல்லாம் பின் சீட்டு வேலை முடிந்துவிட்டது. சும்மா உட்கார அவளுக்கு வராது. ஸ்பானரை எடுத்துக்கொண்டு முன் சீட்டின் போல்ட்டைத் தேடி வண்டிக்குள் மல்லாந்து படுத்தாள். தலை பெடல்களுக்கு நடுவில், முகம் டேஷ்போர்டின் அடிவயிற்றைப் பார்த்தபடி.

அங்கேதான் ஸ்டியரிங் தண்டு வருகிறது. சக்கரத்திலிருந்து இறங்குகிற நீளக் குழாய் அது. டேஷ்போர்டுக்குப் பின்னால் ஓடுகிற குறுக்குச் சட்டத்திலிருந்து ஒரு பிராக்கெட் கை மாதிரி இறங்கி அதைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். பிடித்துக்கொண்டிருக்கவில்லை. குழாய் தொய்ந்து கிடந்தது. பிராக்கெட்டில் பாதி சட்டத்தோடும் பாதி குழாயோடும் நின்றது. அறுந்த கட்டுக்கம்பி இரண்டு மூன்று சுற்று தொங்கியது. கம்பிக்கும் குழாய்க்கும் நடுவில் கறுப்பாக என்னமோ பிதுங்கிக்கொண்டிருந்தது.

எலிக்கூடு என்று நினைத்துத்தான் பிடித்து இழுத்தாள். பெயிண்டுக்கு அடியில் பூசியிருந்த பட்டி மாவு பொடிப்பொடியாகக் கொட்டியது. கண்ணில் விழுந்தது, வாயில் விழுந்தது, பழைய பெயிண்டும் எலி மூத்திரமும் கலந்த ஒரு கசப்பு. தூ தூ என்று துப்பிவிட்டு கையில் வந்ததைத் திருப்பிப் பார்த்தாள். நாலாக மடித்த ரெக்ஸின். மேலே பூசின கறுப்புப் பெயிண்ட் உரிந்த இடத்தில் பச்சை. ஓரத்தைச் சுற்றி மஞ்சள் நூலில் இரட்டைத் தையல், நழுவாமல் இருக்க நடுவில் ஒரு பெருக்கல் குறி.

அந்தத் தையலை அவளுக்கு எப்படித் தெரியாமல் போகும்? அவள் போட்டது. பள்ளிக்கூட வேன் ஒன்றுக்குப் பச்சை ரெக்ஸின் தைத்த சமயம். புருஷன் திரையை விலக்கி, "தடிமனா ஒரு துண்டு குடு, ஒரு வண்டியில சத்தம் வருது" என்றார். துண்டாகக் கொடுத்தால் பிரிந்துவிடுமே என்று அவள்தான் நாலாக மடித்து, மெஷினில் இருந்த மஞ்சள் நூலிலேயே சுற்றி அடித்துக் கொடுத்தாள். கெட்டியாக வந்திருக்கிறது என்று தட்டிப் பார்த்துக்கூடக் கொடுத்தாள். எந்த வண்டி என்று கேட்கவில்லை.

மறுபடி தலையைத் தூக்கிப் பிராக்கெட்டின் முறிந்த வாயைப் பார்த்தாள். மோதினபோது முறிந்திருந்தால் உள்ளே பெயிண்ட் எப்படிப் போகும்? முறிவுக்குள்ளேயே கறுப்புப் பெயிண்ட் காய்ந்து கிடந்தது. வெல்டிங் வைத்த அடையாளம் ஒரு புள்ளிகூட இல்லை. அந்தச் சமயத்தில்தான் ஸ்டியரிங் ஆடுகிறது என்று டாக்டர் வண்டி பட்டறைக்கு வந்திருந்தது. முறிந்ததைப் பார்த்துவிட்டு, ரெக்ஸினைத் திணித்து, கம்பியால் கட்டி, பட்டி பூசி, கறுப்படித்து, "வெல்டு வெச்சுட்டேன் சார், இனிமே கல்லு மாதிரி" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். மோதுகிற நாள்வரை இரண்டு மாதம் அந்தக் கட்டுக்கம்பியை நம்பி அவள் தம்பி வண்டி ஓட்டியிருக்கிறான்.

எத்தனை வண்டியின் எத்தனை அசிங்கத்தைப் பார்த்தவள் அவள். அதையெல்லாம் அள்ளிக் கொட்டிவிட்டுக் கையைக் கழுவிவிடலாம். இது அவள் தைத்தது.

வெளியே வந்து வாய் கொப்பளித்தாள். ரெக்ஸின் துண்டை இடுப்பில் செருகிக்கொண்டு முன் சீட்டைக் கழற்றி வெளியே போட்டாள்.

"என்னக்கா, எலியா?" என்று கேட்டான் தம்பி, தேய்ப்பதை நிறுத்தாமல்.

"ஆமாண்டா. எலிதான்."

ஒரு மணிக்குத் தகட்டோடு வந்தார் கைராசி. கழற்றிக் கிடந்த முன் சீட்டைப் பார்த்ததும் நடை ஒரு கணம் தடுமாறியது. நேராகத் திரைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார். "சோத்தைப் போடு."

போட்டாள். சோறு, பருப்பு, அவித்த முட்டை. அவர் முட்டையை நசுக்கிப் பிசைந்து உருட்டிப் போட்டுக்கொண்டார். நகக்கண்ணில் கறுப்பு. அந்தக் கை மேலும் கீழும் போய்வருவதைப் பார்க்க அவளுக்குச் சகிக்கவில்லை. ரெக்ஸினைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

அவர் மென்றுகொண்டே பார்த்தார். மெல்வது நிற்கவில்லை.

"முன் சீட்டைத் தொடாதேன்னு சொன்னேன்ல?"

"இது என்னங்க?"

"ரெக்ஸின். உனக்குத் தெரியாதா?"

"வெல்டு வெச்சேன்னு சொன்னீங்களே டாக்டர்கிட்ட."

"அன்னிக்கு வெல்டிங் ராடு தீர்ந்துபோச்சு. அந்தாளு சாயங்காலமே வண்டி வேணும்னு நிக்கறார். இப்போதைக்குக் கட்டி விடுவோம், அடுத்த வாரம் கூப்பிட்டு வெச்சுக்கலாம்னு இருந்தேன். அதுக்குள்ள நாலு வேலை வந்துடுச்சு. பாத்துக்கலாம்னு விட்டுட்டேன்."

"என்னத்தைப் பாத்தீங்க? என் தம்பி காலைப் பாத்தீங்களா?"

"மெதுவாப் பேசு." திரையின் பக்கம் கண்ணைக் காட்டினார். "அவன் குடிச்சது பொய்யா? நானா ஊத்திக் குடுத்தேன்?"

"முதநாள் சாயங்காலம் குடிச்சதுங்க. ஸ்டேரிங் கழண்டதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?"

"கழண்டுச்சுன்னு யாரு பாத்தா? இடிச்சதுல கழண்டிருக்கலாம்."

"இடிக்கறதுக்கு முன்னாடியே முறிஞ்சு கிடந்ததை நீங்க பாத்தீங்க. பாத்துட்டுத்தான் இதைத் திணிச்சீங்க. எட்டு மாசமா அவன் மூஞ்சியைப் பாத்துக்கிட்டே, குடிகாரன் குடிகாரன்னு வேற. எப்படிங்க தொண்டைக்குள்ள இறங்குது சோறு?"

அவர் தட்டை வழித்தார். கையைக் கழுவிக்கொண்டே, "நீ தச்சதுதானே? வெளியில போனா உன் பேரும்தான் கெடும்" என்றார்.

அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. காலில் மிதித்ததை எங்கே தேய்ப்பது என்று தேடுகிற மாதிரிதான் இருந்தது. இந்த ஆளோடு ஒரே பாயில் படுத்திருக்கிறோம் என்று நினைத்தபோது உடம்பு கூசியது.

"நாலு மணிக்கு டாக்டர் வர்றாரு" என்றாள், ரெக்ஸினை எடுத்து மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டே. "அதுக்குள்ள நீங்களே அவன்கிட்ட சொல்லிடணும். உங்க வாயால. அப்புறம் டாக்டர்கிட்டயும்."

"சரி சரி. முதல்ல வேலை முடியட்டும். பாத்துக்கலாம்."

அப்புறம் நடந்த வேலையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அவ்வளவு நல்ல வேலை. பழைய பிராக்கெட்டின் மிச்சத்தை ஒட்ட அறுத்தெடுத்தார். குறுக்குச் சட்டத்தைக் கிரைண்டரால் இரும்பின் வெள்ளை தெரிகிறவரை சுரண்டினார். துரு தின்ற இடத்தில் ஒரு பட்டையை வைத்து மூடினார். வைஸில் தகட்டைக் கடிக்க விட்டு, சுத்தியலால் தட்டித் தட்டி, குழாய் உட்காருகிற மாதிரி வளைத்தார். ஆட்டம் வராமல் இருக்க இரண்டு பக்கமும் முக்கோணமாகத் தகடு வெட்டிக்கொண்டார். ஒயர்களை ஒதுக்கி ஈரச் சாக்கால் மூடினார்.

"மச்சான், வந்து ஸ்டேரிங்கை நேரா பிடி" என்று தம்பியைக் கூப்பிட்டார், ஒன்றுமே நடக்காத மாதிரி.

தம்பி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். எட்டு மாதமாக அந்தச் சக்கரத்தைத் தொடாதவன், கண்ணில் ஒரு ஆசை தெரிந்தது.

"நீ இரு" என்றாள் சீட்டக்கா. "நான் பிடிக்கறேன்."

அவள் வெளியே நின்றபடி உள்ளே கைவிட்டுச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் முதலில் நாலு இடத்தில் வெல்டிங் புள்ளி வைத்தார், உயரம் சரியா என்று பார்த்தார். பிறகு ஒரு விரலளவு பற்றவைப்பார், ஆற விடுவார், மேலே படிந்த கசடைத் தட்டி எடுப்பார், அடுத்த விரலளவு. ஒரே சீரான வரி. துரு பிடிக்காத பெயிண்ட், கிளாம்பு, நட்டின் மேல் இன்னொரு நட்டு. பட்டறைக் கடிகாரத்தை அவள் பார்த்துக்கொண்டேயிருந்தாள். மொத்தம் ஒரு மணி நேரம் பத்து நிமிஷம்.

ஒரு மணி பத்து நிமிஷ வேலை. அதை அன்றைக்கே செய்திருந்தால் அவன் இன்றைக்கு இரண்டு காலாலும் நடந்துகொண்டிருப்பான்.

கைராசி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தம்பி பக்கத்தில் போய் உட்கார்ந்தார். சொல்லப் போகிறார் என்று நினைத்தாள். "ஒரு டீ போடச் சொல்லு உங்க அக்காவை" என்றார்.

நாலு மணிக்கு டாக்டர் வந்தார். வெள்ளைச் சட்டையில் கறை படாமல் குனிந்து பார்த்தார்.

"சக்கரத்தைப் பிடிச்சுத் தொங்குங்க சார், அசையாது" என்றார் கைராசி. டாக்டர் இரண்டு கையாலும் அழுத்திப் பார்த்தார். சந்தோஷம் முகத்தில் தெரிந்தது.

"வண்டி எப்பவும் நல்ல வண்டிதான். ஓட்டினவன்தான் சரியில்லாமப் போயிட்டான்."

வாசலில் உட்கார்ந்திருந்தவன் தலையை இன்னும் குனிந்து ஸ்பிரிங்கைத் தேய்த்தான்.

"விடுங்க சார்" என்றார் கைராசி, பெரிய மனசோடு. "அவனும் பட்டுட்டான். மன்னிச்சுடுங்க."

சீட்டக்கா அதுவரை வாயைத் திறக்காமல்தான் இருந்தாள். மன்னிக்கச் சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை. இடுப்பிலிருந்து ரெக்ஸினை எடுத்து டாக்டர் கையில் வைத்தாள்.

"சார், பிராக்கெட் அன்னிக்கே முறிஞ்சிருந்துச்சு. வெல்டு வைக்கலை. இதைத் திணிச்சு, கம்பி கட்டி, பட்டி பூசி உங்ககிட்ட குடுத்தாங்க. கம்பி அறுந்து ஸ்டேரிங் கீழ வந்துடுச்சு. என் தம்பி மேல தப்பே இல்லை. இதைத் தச்சது நான்."

உப்புத்தாள் தேய்க்கிற சத்தம் நின்றது.

கைராசி சிரிக்கப் பார்த்தார். "அவளுக்கு என்ன சார் தெரியும்…"

டாக்டர் ரெக்ஸினை இப்படியும் அப்படியும் திருப்பினார். கைராசியின் முகத்தைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது, நன்றாகவே புரிந்துவிட்டது. சீட்டின் மேல் அதை வைத்துவிட்டுக் கைக்குட்டையை எடுத்து விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டார்.

"இப்ப இதைக் கிளறி என்ன ஆகப்போகுதும்மா? போலீஸ்ல எழுதிக் குடுத்ததெல்லாம் குடுத்தாச்சு. கேஸும் முடிஞ்சுபோச்சு. நான் வேற கையெழுத்துப் போட்டிருக்கேன். ஞாயித்துக்கிழமை கண்காட்சி." கைராசியின் பக்கம் திரும்பினார். "சனிக்கிழமைக்குள்ள பெயிண்ட் முடிஞ்சிடும்ல?"

"முடிச்சிடலாம் சார்."

அவ்வளவுதான். இரண்டு பேரும் எந்தக் கறுப்பு, பளபளப்பு எவ்வளவு என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

தம்பி சுவரைப் பிடித்தபடி நின்றிருந்தான். எப்போது எழுந்தான் என்று தெரியவில்லை. "சார்" என்றான். "உங்க வீட்ல அம்மாகிட்ட மட்டும் ஒரு வார்த்தை சொல்லிடுவீங்களா?"

"அவங்களுக்கு இப்பத்தான் கொஞ்சம் தூக்கம் வருது. ஞாபகப்படுத்தாதே" என்றார் டாக்டர். டாக்டர்கள் சங்கக் கூட்டத்துக்குப் போக நேரமாகிவிட்டது என்று வேறு வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

தம்பி மாமாவைத் திட்டவில்லை. "நெஜமாவாக்கா?" என்று மட்டும் கேட்டான். பிறகு, "நீ தச்சதா?" என்றான். அவள் தலையை ஆட்டினாள். அவன் அந்தப் பச்சைத் துண்டை எடுத்துத் தையலைத் தடவிப் பார்த்தான். அதற்குப் பதில் அவன் அவளை இரண்டு அறை அறைந்திருக்கலாம்.

"செருப்பைப் போடுடா" என்றாள்.

"எங்கே கிளம்பிட்டே?" என்றார் கைராசி. "வீட்டு மானத்தை வாங்கப் போறியா?"

"வீட்டுக்கு மானம் எங்கயாவது கிடைச்சா வாங்கிட்டு வர்றேன். இங்க இருந்ததா எனக்குத் தெரியலை."

டாக்டர் வீடு கால் நன்றாக இருப்பவனுக்குப் பத்து நிமிஷ நடை. அவர்களுக்கு அரை மணி ஆயிற்று. புழுக்கத்தில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. வழியில் இரண்டு இடத்தில் அவன் நின்றான், திரும்பிப் போய்விடலாம் என்றான். அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கதவைத் திறந்தது அந்தம்மாவேதான். வலது தோள் ஒரு பக்கமாகத் தூக்கியபடி நின்றது. இவனைப் பார்த்ததும் முதலில் செய்த காரியம், கொஞ்சம் முன்னால் குனிந்து மோந்து பார்த்ததுதான்.

"நல்லா மோந்து பாருங்கம்மா" என்றாள் சீட்டக்கா. "அவன்கிட்ட ஒண்ணும் வராது. நாத்தமெல்லாம் எங்க பட்டறையிலதான்."

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். ரெக்ஸினைக் காட்டினாள். தான் தைத்ததைச் சொன்னாள், தானும் சேர்ந்து குடிகாரன் என்று சொன்னதைச் சொன்னாள், டாக்டர் விரலைத் துடைத்துக்கொண்டதையும் சொன்னாள்.

"நீ கத்தினேடா" என்றார் அந்தம்மா கடைசியில், அவனைப் பார்த்து. "வளைவு வர்றதுக்கு முன்னாடியே கத்தினே. 'அம்மா, ஸ்டேரிங் கையோட வந்துடுச்சு, கெட்டியாப் பிடிச்சுக்குங்க'ன்னு. நீ கத்தினதாலதான் நான் முன்னாடி இருந்த கம்பியைப் பிடிச்சேன். இல்லேன்னா தலை போயிருக்கும்."

தம்பி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான். அந்தம்மா மேலே சொன்னார்.

"டாக்டர்கிட்ட சொன்னேன். அடிபட்ட அதிர்ச்சியில உனக்கு என்னென்னவோ கேட்டிருக்கும், போலீஸ்கிட்ட உளறி வைக்காதேன்னார். அப்புறம் எல்லாரும் குடிச்சிருந்தான், குடிச்சிருந்தான்னாங்க. நீயே வந்து மன்னிப்புக் கேட்டே. சரி, நமக்குத்தான் காதுல ஏதோ கேட்டிருக்குன்னு நானும் வாயை மூடிக்கிட்டேன்."

தம்பி நிமிர்ந்து நின்றான். "நான் கத்தினேனாம்மா?"

"கத்தினே."

அவன் அக்காவின் பக்கம் திரும்பினான். எட்டு மாதத்தில் முதல் தடவையாக அவள் முகத்தை நேராகப் பார்த்தான்.

"அக்கா, நான் சொல்லியிருக்கேன்க்கா" என்றான். "அன்னிக்கே சொல்லியிருக்கேன்."